கடலில்லாத ஊரின் புயல்காரி

எங்கள் பக்கத்தைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். அதை முதலில் சொன்னவன் என் கையில் கிடைத்தால் பேசிக்கொள்கிறேன். இப்போது எங்கள் தொழிற்சாலையில் அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். கடலில்லாத ஊரின் புயல்காரியாம். கோபமெல்லாம் இல்லை, உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில், தோல் காயவைக்கும் களத்துக்கு நான் சூப்பர்வைசர். பதப்படுத்திய ஈரத் தோலை வெட்டவெளியில் விரிப்பது, திருப்பிப் போடுவது, காய்ந்ததும் அடுக்குவது எல்லாம் பெண்கள். என் வீட்டுக்காரரின் தங்கையும் அவர்களில் ஒருத்தி. நாத்தனார் என்றாலும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகும். அவளுக்கு வாய் ஜாஸ்தி, எனக்குக் கோபம் ஜாஸ்தி.

இரண்டு வருடங்களுக்கு முன், மே மாதம், வங்கக் கடலில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். தோல்காரர்களுக்குப் புயல் என்றால் மழை. மழை என்றால் தோல் பாழ். அதனால் எப்போதும் செய்வதையே அப்போதும் செய்தோம். மழைக்கு முன் காயவைத்துவிட வேண்டும் என்று குடோனில் இருந்த ஈரத் தோல் மொத்தத்தையும் களத்தில் இறக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் வேலை வாங்கினோம். மழை வரவில்லை. புயல் ஒடிசா பக்கம் போய்விட்டது. போகிற போக்கில் இங்கே இருந்த கொஞ்சநஞ்ச ஈரக்காற்றையும் இழுத்துக்கொண்டு போனது. கத்திரி வெயில் அப்படி ஒரு காய்ச்சல் காய்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு, ஒரு தோலைத் திருப்பிப் போடக் குனிந்த என் நாத்தனார் அதன் மேலேயே விழுந்தாள். மானேஜர் பாய் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவளுக்கு நினைவு தெளிய மூன்று நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் கண் திறந்தவள் என்னை யாரென்று தெரியாமல் "டீச்சர்" என்றாள். சீக்கிரம், சீக்கிரம் என்று அன்று அவளை விரட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

அந்தக் கோபத்தில்தான் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். வராத மழைக்காக ஒருத்தி சாகக் கிடந்தாளே, இந்தப் புயல் எங்கே போகும் என்று முன்னாடியே தெரியாதா என்று எனக்கு ஆத்திரம். பஸ்ஸிலும் சாப்பாட்டு நேரத்திலும் போனில் செயற்கைக்கோள் படம் பார்த்தேன். பழைய வருடங்களின் மே மாதப் படங்களையும் தேடித் தேடிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். காலேஜில் இயற்பியலில் இரண்டு அரியர் வைத்தவள் நான். அப்போது இந்த அக்கறை இருந்திருந்தால் கோல்டு மெடலே வாங்கியிருப்பேன். "கடலைப் பார்க்கணும்னா மெட்ராசுக்குக் கூட்டினு போறேன், போனை வையேன்" என்பார் வீட்டுக்காரர். நான் வைக்கவில்லை. சீசன் ஆரம்பத்தில் அந்தமான் பக்கம் பிறப்பவை பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடுகின்றன, நமக்கு மழைக்குப் பதில் வறண்ட மேல்காற்றுதான் மிச்சம் என்பது மெல்லப் பிடிபட்டது.

போன மே மாதம் மறுபடியும் அந்தமான் அருகே ஒரு காற்றுச்சுழி. டிவியில் மறுபடியும் புயல். குடோன் நிறைய ஈரத் தோல். மானேஜர் பாய் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"மழை வராது பாய். வெயில்தான் ஜாஸ்தி ஆகும். காலைல அஞ்சரைல இருந்து பத்து, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல. கொஞ்சம் கொஞ்சமா காயவைக்கலாம்."

"இன்னாம்மா, ஊரே புயல்ன்றான், நீ மட்டும் வராதுன்ற. நிச்சயமா சொல்லுவியா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா நம்ம பக்கம் திரும்புனா ரெண்டு நாள் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும். தோலை வாரி உள்ள போட்டுறலாம். பொம்பளைங்க விழுந்தா என்ன பண்றது? போன வருஷம் உங்க கார்ல யாரைப் படுக்க வெச்சு எடுத்துனு போனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சரி, உன் பேச்சுப்படி செய்யி. பேஜார் ஆச்சுன்னா முதலாளி கிட்ட நீயே வந்து பேசு."

"பேசுறேன் பாய்" என்றேன். குரல் தைரியமாகத்தான் வந்தது. வெளியே வந்த பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தேன்.

இரண்டாம் நாள் மதியம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. தோல் மேல் நாலு துளி விழுந்தது. பாய் வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தார்ப்பாயைக் களத்தோரம் தயாராக வைத்திருந்தோம். போனில் சுழியைப் பார்த்தேன். வடக்கே ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. "விரிச்சது விரிச்சபடி இருக்கட்டும் பாய்" என்றேன். தார்ப்பாயின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். அரை மணியில் மேகம் கலைந்து, மலைப்பக்கமிருந்து அடுப்பைத் திறந்தது போல மேல்காற்று அடித்தது. அனல் காற்று வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அன்று இந்த மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த நான்கு நாள் வெயில் கொளுத்தியது. பத்து மணி ஆனால் நானே களத்து நடுவில் போய் நின்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினேன். "இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு அண்ணி, முடிச்சிட்டு போறேன்" என்று நாத்தனார் இழுத்தாள். "போடி முதல்ல" என்றேன்.

மூன்றாம் நாள் ஆளில்லாத களத்தில், முந்தின வருஷம் நாத்தனார் விழுந்த இடத்தை ஷெட் நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள்தான். என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"இன்னாடி, உடம்புக்கு எதுனாவா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. ஊட்லதான், ஃபேன் கீழ படுத்துனு இருக்கேன்."

"அப்புறம் எதுக்குக் கூப்ட்ட?"

"சும்மாதான். மணி பதினொண்ணு ஆச்சு, அதான்."