வட்டமாக இல்லாத வட்டம்

இன்று ஜெர்மனியின் கொலோன் நகர டிராமில் ஒரு பழைய வரைபடத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. எழுபதுகளில் நான் மாணவனாகத் தங்கியிருந்த மாநிலச் சட்டமன்றத் தொகுதியின் வரைபடம்.

தொகுதியை ஜெர்மனில் 'வால்க்ரைஸ்' என்பார்கள். தேர்தல் வட்டம். அப்போது அதை நம்பி, ஒரு ஞாயிறு முழுக்க அந்த வட்டத்தைத் தேடி எல்லையோரமாக நடந்தேன். சென்னையில் வட்டச் செயலாளர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு நம்மூர் வட்டமும் வட்டமாக இருந்ததில்லை என்பது உறைக்கவில்லை.

ரைன் கரை, ரயில் பாதை, பனிமூட்டத்தில் மிதந்து வந்த சாக்லேட் ஆலையின் மணம். கடைசியில் எல்லை எங்கள் தெருவின் நடுவிலேயே ஓடியது. இந்தப் பக்கம் எப்போதும் ஜெயிப்பது சிவப்புக் கட்சி, எதிர்ப்பக்கம் கறுப்புக் கட்சி. எங்கள் ஊரில் ஒரே கொடியில் இருக்கும் நிறங்கள்! எதிர்ப்பக்கம் ரொட்டி வாங்கப் போவதை வீட்டுக்காரம்மா வெளிநாட்டுப் பயணம் என்பார்.

டிராமில் பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்மணி, நான் சொன்ன இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீங்கள் ஆருக்கு வோட்டுப் போட்டனீங்கள், அண்ணை?" என்றார்.

"எனக்கு ஏதும்மா ஓட்டு? வெளிநாட்டு மாணவன்."

"ஓம் என்ன. அப்ப நீங்கள் வட்டத்துக்கு வெளியிலதான் இருந்திருக்கிறியள்."

சிரித்தபடியே இறங்கிப் போனார். என் பாஸ்போர்ட் இன்னமும் இந்தியாவுடையதுதான், இங்கே இப்போதும் ஓட்டில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கதவு மூடிக்கொண்டது. என் நிறுத்தமும் எப்போதோ போய்விட்டிருந்தது.

ஐம்பது வருடமாக எல்லையோரமாகவே நடக்கிற ஆள் நான் மட்டும்தானா, துணைக்கு யாராவது இருக்கிறீர்களா?