முப்பதைக் கழித்தால்

மரக்கடைச் சந்தில் அடைக்கலமேரிக்கு ‘மாத்திரைக்காரம்மா’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அந்த டவுனில் ஒருத்திதான் இருந்தாள். அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

புதுக்கோட்டையில் பஸ்ஸும் கடையும் ஜனமுமாக எவ்வளவோ நெரிசல் உண்டு. ஆனால் சந்துக்குள் புகுந்துவிட்டால் அது வேறு உலகம். ஒற்றை அறை லைன் வீடுகள். மூட்டை தூக்குகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், பிள்ளைகள் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விட்டதால் தனியே கிடக்கிறவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் வேலை போய்விடும் என்று போகாமலே இருந்தவர்கள். அவர்களுக்காக நகர்ப்புறச் சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரைப் பையும் பிரஷர் மெஷினும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் மேரியின் வேலை. ஆறு வருஷமாகப் போகிறாள். நாற்பத்துமூன்று பேர் அவள் கணக்கு.

“சாப்டீங்களா? தூக்கம் வருதா? தலை கிறுகிறுன்னு வருதா?” என்று ஒரு நாளைக்கு இருபது வாசலில் கேட்பாள். திருப்பிக் கேட்பவர் யாருமில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மருந்து கொண்டு வருகிறவளுக்கு என்ன சீக்கு வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். அவளே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் குவைத்துக்கு டிரைவராகப் போனவன். நாலு வருஷம் பேசினான், ஐந்தாவது வருஷம் பேச்சு குறைந்தது, அப்புறம் நம்பரே இல்லை. குழந்தை இல்லை. விதவை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, மனைவி என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சம். மாதா கோயிலில் பூசை முடிந்து குடும்பம் குடும்பமாக நின்று பேசும்போது இவள் செருப்பைத் தேடுகிற சாக்கில் முன்னாடியே வெளியே வந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு தம்ளர். டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். என்ன படம் ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

சித்திரை மாதம் அவளுக்குப் புது மெஷின் கொடுத்தார்கள். பழையது மழையில் நனைந்து செத்துப்போனது. அதற்கே அவளை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டுதான் புதியதைத் தந்தார்கள். மறுநாள் காலையில் கிளம்புமுன் சரி பார்க்கலாம் என்று தன் கையிலேயே பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினாள். மேலே நூற்றெழுபத்திரண்டு, கீழே நூற்று நாலு.

மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கா? போடா பைத்தியக்கார மெஷினே!” என்று வாய்விட்டே சொன்னாள். தினமும் எட்டுக் கிலோமீட்டர் நடக்கிறவள், ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. மறுநாளும் பார்த்தாள். நூற்றெழுபது. அதற்கு மறுநாள் நூற்றெழுபத்தாறு. ஆக, மெஷின்தான் கூடக் காட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டில் இன்னொருவர் கை இருந்திருந்தால் அதிலும் சுற்றிப் பார்த்திருப்பாள். அது நூற்றிருபது காட்டியிருக்கும், விஷயம் அன்றைக்கே வெளிச்சமாகியிருக்கும். இன்னொரு கைக்கு அவள் எங்கே போவாள்? சந்தில் அவள் பிடித்துப் பார்க்கிற கை எல்லாமே பிரஷர்காரர்களின் கை. அதெல்லாம் கூடத்தான் காட்டும்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் சத்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘புதுசையும் கெடுத்துட்டீங்களாக்கா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தன் அம்மா செய்ததைச் செய்தாள். மேரியின் அம்மா மீமிசலில் மீன் வாங்கி ஊர் ஊராகக் கூடை சுமந்தவள். அவளிடம் இருந்த தராசில் ஒரு தட்டு நெளிந்து, கிலோவுக்கு ஐம்பது கிராம் கூடக் காட்டும். அம்மா ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு மீனை மேலே தூக்கிப் போட்டுத்தான் கொடுப்பாள். கடைசிவரை அந்தத் தராசையே வைத்து ஓட்டினாள், ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்லை. மேரியும் அப்படியே, மெஷின் காட்டுவதில் குத்துமதிப்பாக முப்பதைக் கழித்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள். யாரையும் ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்றுதான் மனசார நம்பினாள், பாவம்.

இப்போது பொன்னுத்தாய்க்கு வருவோம். அன்னவாசல் பக்கத்துக்காரி, அறுபது வயது. புருஷன் செத்ததும் டவுனுக்கு வந்து ஆத்மநாதன் மெஸ்ஸில் பாத்திரம் கழுவினாள். மகன் துபாயில் இருந்தான். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். லைனில் கடைசி வீடு அவளுடையது. வாய் சும்மா இருக்காது. “வாடி மேரி, இங்கிட்டு உக்காரு. என்னத்த தின்ன காலையில? ஒன் மூஞ்சியப் பாத்தா பட்டினி கெடந்தவ மாதிரில்ல இருக்கு,” என்று மெஸ்ஸிலிருந்து கொண்டுவந்த வடையை இலையோடு நீட்டுவாள். அந்த ஒரு கேள்விக்காகவே மேரி தன் சுற்றை அந்தக் கடைசி வீட்டில் முடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவருக்கும் போட்டுக் கொடுத்த மருந்து அட்டையில் ‘அவசரத்துக்கு யாரை அழைப்பது’ என்று ஒரு கட்டம் உண்டு. பொன்னுத்தாய் மகன் நம்பரைச் சொல்லவில்லை. “அவென் அங்க இருந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? ஒன் நம்பரப் போடு,” என்றாள். மேரி தன் நம்பரையே போட்டாள். அப்படி ஏழு பேர் அட்டையில் அவள் நம்பர் இருந்தது.

புது மெஷினைப் பார்த்ததும் பொன்னுத்தாய் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “இது என்னடி, பாத்தாலே பயமா இருக்கு. மொதல்ல ஒன் கையில வச்சுக் காட்டு.”

மேரி வைத்துக் காட்டினாள்.

“ஏ ஆத்தீ! நூத்தி எழுவத்தஞ்சு! ஒனக்கே இம்புட்டு இருக்கு, நீ எனக்கு மாத்திரை குடுக்க வந்துட்டியாக்கும்!”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. மெஷின் முப்பது கூடக் காட்டுது. நான் கழிச்சுத்தான் எழுதுறேன்.”

பொன்னுத்தாய்க்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பட்டை தளருமுன்பே கணக்கை முடித்துவிடுவாள். “நூத்தி அறுவத்தெட்டு. முப்பது போனா நூத்தி முப்பத்தெட்டு. எழுதிக்க.” நூற்றைம்பதைத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. நூற்று முப்பத்தெட்டுக்கு யார் அனுப்புவார்கள்? நன்றாகத்தானே இருக்கிறது என்று பொன்னுத்தாய் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தாள். மீந்த மாத்திரையை மேரி பார்த்தாள். “தெனமும் போடணும்க்கா” என்று பேருக்குச் சொன்னாளே தவிர, அதட்டவில்லை. அதட்டினால் கோபித்துக்கொள்வாளோ என்று பயம். வடை கொடுக்கிற வீடு என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஆவணியில் ஒரு மத்தியானம் மெஸ்காரர் ஆத்மநாதன் போன் பண்ணினார். “அம்மா, ஒங்க நம்பர்தான் அட்டையில இருக்கு. பொன்னுத்தாயி தொட்டிகிட்ட விழுந்து கெடக்கு. கை தூக்க வரல, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ் வந்துருச்சு, வாங்க சீக்கிரம்.”

பெரிய ஆஸ்பத்திரிக்கு மேரி எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. பக்கவாதம் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, வலது கையும் பேச்சும்தான் எந்த அளவுக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இளவயது டாக்டர் ஒருவர் மேரியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். “போன வாரம் நூத்தி முப்பத்தெட்டுதான் இருந்திருக்கு. நல்ல கன்ட்ரோல்லதான் வச்சிருக்கீங்க. சில பேருக்கு இப்படி ஆயிடுது,” என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பொன்னுத்தாய்க்கு அப்போது எவ்வளவு இருந்தது என்று மேரி நர்ஸிடம் கேட்டாள். இருநூறைத் தாண்டி இருந்ததாம்.

நோட்டில் தான் கழித்து எழுதிய முப்பதுதான் மேரிக்கு நினைவு வந்தது. அந்த முப்பது அவளுக்கும் பொன்னுத்தாய்க்கும் மட்டுமே தெரியும். பொன்னுத்தாயால் பேச முடியாது. ஆக, யாருக்கும் தெரியப்போவதில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது நிஜம். வந்த மறு நிமிஷமே, சீ என்று தன்மேலேயே அருவருப்பும் வந்தது. வராண்டாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

அன்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் பேசுவதற்கென்று இருக்கிற இருபது வாசலும் போகும். சொல்லாவிட்டால் இன்னும் நாற்பத்திரண்டு பேர் நோட்டில் முப்பது முப்பதாகக் குறைந்து கிடக்கிறார்கள். அதில் அடுத்தது யாரோ?

காலையில் போய் சத்யாவிடம் சொல்லிவிட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சத்யா முதலில் கத்தினாள். “என்னக்கா இது, விளையாட்டா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?” அப்புறம் மெஷினைப் பிடுங்கித் தன் கையில் சுற்றினாள். நூற்றுப் பதினெட்டு. மேரியின் கையில் சுற்றினாள். நூற்று எண்பது. தன் மேஜையில் இருந்த வேறொரு மெஷினால் மேரியின் கையை மறுபடி பார்த்தாள். நூற்று எழுபத்தெட்டு.

“மெஷின் நல்லாத்தான்க்கா இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல,” என்றாள் சத்யா, இப்போது சத்தம் இறங்கிப்போய்.

அந்த வாரமே வேறு ஆட்களை அனுப்பி எல்லாரையும் புதிதாகப் பார்த்தார்கள். ஆறு பேரை டாக்டரிடம் அனுப்பினார்கள். மேரியை ஒரு மாதம் உட்காரவைத்தார்கள். பிறகு, அந்தச் சந்துக்குள் நுழைந்து வெளியே வர ஆள் கிடைக்காமல், அவளையே திரும்பவும் போகச் சொன்னார்கள். அதற்கு முன் அவளுக்கும் மாத்திரை கொடுத்து ஒரு அட்டை போட்டார்கள். சத்யா கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டே வந்தவள் ஒரு கட்டத்தில் நிறுத்தினாள்.

“அவசரத்துக்கு யாரக்கா கூப்பிடணும்?”

ஏழு பேருக்குத் தன் நம்பரை எழுதிக் கொடுத்தவளுக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது. போனைத் திறந்து பேர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். கேஸ் ஏஜென்சி, ஆட்டோ, மளிகை, பங்குச் சாமியார். கடைசியில் ஒரு நம்பரைச் சொன்னாள்.

இதற்கிடையில் பொன்னுத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். மேரி போய் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னுத்தாய் மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, அவள் முன்னால் நீட்டினாள். அது துணி மாதிரித் தொங்கியது. “எங்... கைய... வாங்கிட்டியேடி,” என்று குழறினாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் மேரியோடு ஒரு வார்த்தை கிடையாது. மேரி போவாள், பிரஷர் பார்ப்பாள், காட்டியதைக் காட்டியபடி எழுதுவாள், கையை நீவிவிட்டுப் பயிற்சி கொடுப்பாள், மாத்திரையைக் கண்முன்னால் விழுங்கவைப்பாள். “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவாள். ஒரு முனகல்கூட வராது. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும் அந்த முதுகைவிட, தன் வீட்டு வெறும் சுவரே தேவலை என்று தோன்றும்.

தன் மாத்திரையை மட்டும் மேரி சரியாகப் போடவில்லை. யாருக்காகப் போடுவது என்று ஒரு சலிப்பு. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வரச் சொன்னதற்கும் போகவில்லை. முந்தின வெள்ளிக்கிழமையும் போகவில்லை.

திங்கட்கிழமை கடைசி வீட்டுக்குள் நுழைந்தபோது பொன்னுத்தாய் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கோபம்.

“போன்... வந்துச்சு,” என்றாள். “ஆஸ்பத்திரிலேர்ந்து. மேரி வரலையாம்... ரெண்டு வாரமா.”

மேரி பையைக் கீழே வைத்தாள்.

“யாரக் கேட்டு... என் நம்பரக் குடுத்த?”

“யாரையும் கேக்கலக்கா. எனக்கு வேற நம்பர் இல்ல.”

பொன்னுத்தாய் இடது கையால் பாயைத் தட்டி உட்காரச் சொன்னாள். பையைக் காட்டினாள். மேரி மெஷினை எடுத்து, வழக்கப்படி அவள் கைக்குக் கொண்டு போனாள். பொன்னுத்தாய் தட்டிவிட்டாள்.

“ஒனக்கு.”

மேரி தன் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டாள். பட்டனை அவள் அமுக்கவில்லை. பொன்னுத்தாய் அமுக்கினாள். இடது விரல் இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை சரியாகப் பட்டது. பட்டை இறுகி, தளர்ந்தது. நூற்றறுபத்தாறு.

“வெயில்ல நடந்து வந்தேன்ல,” என்றாள் மேரி, நோட்டை விரித்து. “அதுல ஒரு பத்து, பதினஞ்சு...”

“கழிக்காத,” என்றாள் பொன்னுத்தாய்.

அந்த ஒரு வார்த்தை மட்டும் குழறாமல் வந்தது. மேரி நூற்றறுபத்தாறு என்று எழுதினாள்.