அனுப்பாமல் போன கேசட்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்த்த நாளில் எங்களுக்குக் கடிதம் என்றால் கேசட்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீளமாக எழுதக் கை வராது. அவர் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில், அவர் பேச்சின் மேலேயே, நான் பதில் பேசித் திருப்பி அனுப்புவேன். தேங்காய்ப்பட்டணம் பக்கம் அப்போது பல வீடுகளில் இப்படித்தான்.

கடைசியாக வந்ததன் மேலும் பதில் பேசி வைத்திருந்தேன். கொண்டுபோக ஆள் வருவதற்குள் அவர் இறந்த செய்தி வந்துவிட்டது. மகன் சின்னப் பையன், மகளுக்கு அப்போது ஆறு மாதம். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. வளர்ந்த பிறகு, "அப்பாக்க சத்தம் எப்பிடிம்மா இருக்கும்?" என்று கேட்பாள். நானே அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கேசட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்தவள், ஒருநாளும் போட்டுக் கேட்கவில்லை.

போன மாதம் மருமகள் அதைக் கண்டெடுத்தாள். என்னிடம் கேட்காமலே பக்கத்து ஊரான கருங்கலில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கினாள். கனடாவில் இருக்கும் மகளுக்கும் சொல்லிவிட்டாள். அவள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தான் போட்டுப் பார்க்கவும் இல்லை. செல்லில் அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும், அப்படியே முழுசாக வேண்டும் என்றாள் மகள். அதற்காகத் தன் கம்ப்யூட்டரில் ஓர் இடம் ஒதுக்கி, ஃபைல் அனுப்பும் புரோகிராம் ஒன்றை எங்கள் வீட்டில் போடச் சொன்னாள்.

செல்லில் முகம் காட்டியபடி அவள் சொல்லச் சொல்ல, முகவரி, பெயர், பாஸ்வேர்டு என்று மருமகள் அடித்தாள். இணைப்பு கிடைக்கவில்லை.

"மைனி, போர்ட் நம்பர் போட்டியளா?" என்று அண்ணியைக் கேட்டாள் மகள்.

"அதுக்கும் ஒரு நம்பரா? இதுக்குப் பேசாம கனடாவுக்கு விசாவே வாங்கிரலாம் போலிருக்கு."

எண்ணைப் போட்டதும் திரை இரண்டானது. இடது பக்கம் எங்கள் கம்ப்யூட்டரில் உள்ளவை, வலது பக்கம் மகளுடையவை. இங்கிருந்து இழுத்து அங்கே விட்டால் போதுமாம். மருமகள் மவுஸில் கை வைத்ததும் எனக்கு இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த வெப்ராளம் பொறுக்கவில்லை.

"நில்லு மக்ளே. அதுல அப்பா இல்ல. எனக்க சத்தம்தான் கெடக்கு. அவருக்க பேச்சு மேல நான் பேசிட்டேன்."

மருமகள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"மாமி, இது இருபத்தெட்டு நிமிசம் ஓடுது. அவ்வளவு நேரமா பேசினிய? என்கிட்ட முகம் பாத்துப் பேசவே உங்களுக்கு மூணு வருசம் ஆச்சே!"

உண்மைதான். மிஷினைப் பார்த்துப் பேச எனக்கு நாணம். ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

"அப்போ மிச்சத்துல மாமாதான் இருப்பாவ" என்று சொல்லி இழுத்து விட்டாள்.

பச்சைக் கோடு பைய நகர்ந்து முடிந்தது. மகள் அங்கே போட்டாள். முதலில் நான்: சுகம்தான், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். டக்கென்று ஒரு சத்தம். பாதிச் சொல்லிலிருந்து அவர். கூரை ஓடு மாற்றுவது, என் மாமியாரின் கால்வலி, மகனின் இருமல் என்று பேசிக்கொண்டே போனார். கடைசியில் கைக்குழந்தையாக இருந்த மகளைக் கூப்பிட்டு, "எனக்க மக்ளே, அப்பா விளிக்கேன். ஒரு சத்தம் காட்டு பாப்போம்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருப்பவர்போலச் சும்மா இருந்தார். அவர் அறையில் ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது.

நாற்பதை நெருங்கும் என் மகள் "ம்" என்றாள்.

அழுது முடித்த பிறகு அவள் கேட்டாள்: "முதல்ல உனக்கிட்ட என்னம்மா பேசினாவ?"

அவர் எப்போதும் என்னிடம்தான் பேசத் தொடங்குவார். வீட்டு விஷயமும் பிள்ளைகளும் அதற்குப் பிறகுதான். நான் அழித்தது எனக்கென்று இருந்ததைத்தான்.

"ஓர்மையில்ல மக்ளே" என்றேன்.

ஓர்மை இருக்கிறது. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை. ஆனால் அதை அவர் சத்தத்தில் இன்னும் ஒருதரம் கேட்கவேண்டும் போலிருக்கிறது.