கண்டாவளையில் பாட்டுக்கு முன் வந்த மழை

பரந்தன் சந்தியில் இறங்கிப் பால் தேநீர் குடித்தோம். விலை நூற்றிருபது ரூபாய் என்றதும் எங்கள் ஞானதுரை அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. இலங்கை ரூபாய் என்று நினைவுபடுத்திய பிறகுதான் அடுத்த மிடறு உள்ளே போனது. பாளையங்கோட்டையில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவர், நான் தபேலா. ஒன்பது பேர் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து, வேன் பிடித்து ஆனையிறவைத் தாண்டியிருந்தோம். போரில் நொந்த ஏழை ஊர்களில் பாடி ஆறுதல் சொல்வது திட்டம். அதற்காக அண்ணாச்சி ஓர் உரையும் எழுதி வைத்திருந்தார். "கண்ணீரில் வாழும் ஜனங்களே" என்று தொடங்கும்.

பரந்தனில் கிழக்கே திரும்பியதும் இரு பக்கமும் அறுவடை. தார்ச் சாலையில் பாதியைக் காயப்போட்ட நெல் பிடித்துக்கொண்டிருந்தது. வேன் ஓட்டிய நசீர் முல்லைத்தீவுக்காரர். மீதிப் பாதியில் அவர் ஊர்ந்த ஊர்தலில் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

பகல் ஒரு மணிக்குக் கண்டாவளைப் பக்கத்துத் தேவாலயத்தை அடைந்தோம். தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். அதைப் பார்த்துக்கொள்பவர் யோகமலர் அக்கா. ஐம்பது வயதிருக்கும், வயல்காரி. விடிகாலையிலிருந்து எங்களுக்காகச் சமைத்திருந்தார். கோழிக்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கைக்கீரைச் சொதி. எங்கள் ஊர்ச் சொதியில் ஏன் முருங்கைக்கீரை போடுவதில்லை என்று வருந்தி மூன்று முறை வாங்கினேன். சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தால் விடவில்லை.

"வையுங்கோ தம்பி. விருந்துக்கு வந்த ஆக்களை வேலை செய்ய விடுறதே?"

வாசலுக்கு நேர் எதிரே சாலையில் காய்ந்தது அவருடைய நெல்தான். இரண்டு ஏக்கர் விளைச்சல். போன காலபோகத்தில், அதாவது மழைக்காலச் சாகுபடியில், வெள்ளம் வந்து முழுவதையும் அழித்துவிட்டதாம்.

"இதுதான் இனி இந்த வருசத்துக்கு. நாளைக்கு மில்காரர் வருவார். நனைஞ்சுதெண்டா தொட்டும் பாக்கமாட்டார்" என்றார். சொல்லிவிட்டு எங்களுக்குத் தேநீர் போடப் போய்விட்டார்.

மாலை நான்கு மணி. அண்ணாச்சி மைக் பிடித்து "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மைக் அவருக்கு உயிர். இத்தனை ஆண்டு தபேலா வாசித்தும் எனக்கே அதைத் தொட அனுமதி கிடையாது. நசீர் உள்ளே வந்தார்.

"முல்லைத்தீவுப் பக்கம் கறுத்திட்டுது. அக்கா எங்க?"

வெளியே ஓடினோம். அக்கா தும்புக்கட்டையால் நெல்லைத் தனியாகக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். சாலையிலோ நூறு அடிக்கு மேல் நெல். பக்கத்து வீட்டார் எல்லாரும் வெட்டு மெஷின் வந்ததென்று தூரத்து வயல்களில் இருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அக்காவுக்கு வெட்கம்.

"நீங்கள் போய் ஆயத்தப்படுத்துங்கோ ஐயா. நான் பாத்துக்கொள்ளுறன்."

சொல்லும்போதே தும்புக்கட்டை வேகமெடுத்தது. எங்களுக்குச் சமைத்துப் போட்ட நேரத்தில் பாதி நெல்லையாவது அள்ளியிருப்பார் என்று எனக்கு உறைத்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

அண்ணாச்சி உள்ளே போனார். ஒலிபெருக்கிகளை வாசல் பக்கம் திருப்பினார். மைக்கைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார்.

"ஊரைக் கூப்பிடுங்கம்மா."

அக்கா தயங்கினார். பிறகு ஒரே மூச்சில்: "யோகமலர் கதைக்கிறன். மழை வருது. நெல் ரோட்டில கிடக்கு. ஏலுமான ஆக்கள் ஓடி வாங்கோ!"

வயல்வெளி முழுவதும் அந்தக் குரல் போனது. சைக்கிளில் வந்தார்கள், டிராக்டரில் வந்தார்கள், திருநீறு பூசிய நெற்றியோடு ஒரு குடும்பமே கூடைகளோடு வந்தது. நாங்களும் வெள்ளைச் சீருடையோடு இறங்கிவிட்டோம். உச்சக்குரலில் பாடும் எங்கள் சோப்ரானோப் பெண்கள் இருவர் உரப்பையின் வாயைப் பிடிக்க, நானும் நசீரும் அள்ளினோம். எல்லாம் தேவாலயத்துக்குள் போனது. பீடத்தின் படிவரை நெல். கடைசி இரண்டு மூட்டைதான் நனைந்தன. மற்றதெல்லாம் தப்பியது. அக்கா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார்.

"காய்ஞ்சுதான் கிடக்கு" என்றார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பாடா என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மின்சாரம் போய்விட்டது. மழையில் யாராலும் வீடு திரும்ப முடியவில்லை. ஆகவே எங்களுக்கு நல்ல கூட்டம்! எல்லாரும் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி உரையை எடுத்தார், எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். சோகமான முதல் கீர்த்தனை முடிந்ததும் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்:

"ஐயா, கை தட்டுற மாதிரி ஒண்டு பாடுங்கோவன்."

மைக் இல்லாமல், தகரத்தில் விழுந்த மழைக்கு மேலே கத்திப் பாடினோம். சுருதி எங்கே போனதென்று தெரியாது. அண்ணாச்சியே கவலைப்படவில்லை.

மறுநாள் காலை நல்ல வெயில். பத்து மணிக்கு ஸ்கந்தபுரத்தில் நிகழ்ச்சி. நசீர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மில்காரர் வருமுன் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டுமென்று அக்கா நெல்லை மறுபடி சாலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். விடைபெறப் போனோம். எங்கள் ஊரில் இப்படி விடைபெறும் இடத்தில்தான் கண் கலங்கும், ஜெபம் நீளும். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்கட வான் கொஞ்சம் நிக்கட்டும். ஐயா, அந்தத் தும்புக்கட்டையை எடுங்கோ. தம்பி, அந்த மூலையில நெல்லை இழுத்துப் பரவி விடுங்கோ. முடிச்சிட்டுப் போகலாம்."

பாடும் நேரத்தில் ஒரு நிமிடம் பிந்தினாலும் எங்களை வறுத்தெடுக்கும் அண்ணாச்சி, "சரிங்கம்மா" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.