ஆடிக்குப் போட்ட கூரை

திண்டுக்கல்லில் குடை வெயிலுக்கானது. வந்த புதிதில், நடுப்பகலில் ஆண்கள் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு கடைத்தெருவில் போவதைப் பார்த்து, நானும் என் மனைவி லெட்சுமியும் மழை எங்கே என்று அண்ணாந்து பார்த்தோம். ரங்கூனில் வெயில் வந்தால்தான் குடையை மடக்குவோம். கப்பலேறி வந்து ஓராண்டு கழிந்தும் வானத்தை அப்படிப் பார்க்கும் பழக்கம் எங்களை விடவில்லை. அந்தப் பழக்கத்தை நம்பி ஒரு சமையலிடம் கட்டினோம். அதனால் இருந்த வீட்டையும் இழக்கப் பார்த்தோம். பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களும், எங்களுக்குப் பின் வந்து இறங்கியவர்களும் அறிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அது எங்களுக்கு மூன்றாவது வாடகை வீடு. முதல் இரண்டையும் நாப்பியால் இழந்தோம். நாப்பி என்பது இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்த விழுது. பர்மாவில் அது சேராத வெஞ்சனம் குறைவு. லெட்சுமி ஒரு ஜாடி கொண்டுவந்திருந்தாள். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையில் வருடம் முழுவதும் சோறு தின்னும் தெருக்கள், எங்கள் ஜாடியின் வாடைக்கு வீட்டைக் காலிசெய்யச் சொல்லின. மூன்றாவது வீட்டின் சொந்தக்காரர் ராசம்மா, ஊரின் ஓரத்தில் மாடு வைத்துப் பால் விற்பவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "என்னத்தையும் ஆக்கித் தின்னுங்க. வீட்டுக்குள்ள ஆக்கப்பிடாது. கொல்லையில அடுப்பப் போட்டுக்கங்க."

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி நான் வாங்கும் சம்பளத்துக்குக் கூரை அல்லது சுவர், இரண்டில் ஒன்றுதான் முடியும். அடுப்புக்குச் சூளையில் ஒதுக்கிய உடைசல் செங்கல் கிடைத்தது. தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகடுகள் ஆறு வாங்கினேன். நான்கு மூங்கில் கால்கள். கொத்தனார் அந்தோணி தகடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கம் மறைப்பாக நிறுத்திவிடலாம் என்றார்.

"மேலேதான் வேணும்," என்றேன்.

"மேல எதுக்குண்ணே? வானத்துலேர்ந்து என்ன விழுகப் போகுது?"

"ஆடி வருதுல்ல?"

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். ஆடி வருதுல்ல!"

இருவரும் தலையாட்டிக்கொண்டோம். ரங்கூனில் ஆடி என்றால் வாரக்கணக்கில் விடாத மழை. மரவீட்டின் பின்புறச் சார்ப்பில் லெட்சுமி சமைப்பாள். தகரத்தில் விழும் மழை இரைச்சலில் பக்கத்தில் நின்று நான் பேசுவதே அவளுக்குக் கேட்காது. செய்தித்தாளில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவன், அந்தோணியிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: இங்கே ஆடியில் என்ன நடக்கும்? கேட்கவில்லை. மாதத்தின் பெயர் ஒன்று என்பதால் மாதமும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டேன். கூலி கொடுப்பவன் சொன்னபடி அவர் தகடுகளை மேலே கட்டிவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. மழை இல்லை. மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. காலையில் எழுந்து பொழுது சாயும்வரை மண்ணையும் சருகையும் வாரிக்கொண்டு அடித்தது. அடுப்பில் நெருப்பு பானைக்கு அடியில் நிற்காமல் படுத்துக் கிழக்கே நீண்டது. மூன்றாம் நாள் ஒரு பொறி பறந்து ராசம்மாவின் வைக்கோல் படப்பில் விழுந்தது. குடத்துத் தண்ணீரையும் மாட்டின் கழனித் தண்ணீரையும் கொட்டி அணைத்தோம். ஒரு முழம் கருகியிருந்தது.

"பர்மாவ எரிச்சது பத்தாதுன்னு இங்க வந்தீகளாக்கும்?" ராசம்மாவுக்கு மூச்சிரைத்தது. "இனி ஒரு பொறி இங்கிட்டு வந்துச்சு, சட்டி பானையத் தெருவுல வச்சிருவேன். ஆமா."

அவர் போனதும் லெட்சுமி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூரையின் கயிறுகளை அரிவாளால் அறுக்கத் தொடங்கினாள்.

"மழை வந்தா?" என்றேன்.

"வந்தா நனையறேன். நாலாவதா ஒரு வீட்டுல போய், எங்க சாப்பாடு இப்படித்தான்னு சொல்லிக்கிட்டு நிக்க என்னால ஆகாது."

பொழுது சாய்வதற்குள் ஆறு தகடுகளையும் மேற்கே சுவராக நிறுத்தினோம். மறுநாள் காற்று எழுந்ததும் ராசம்மா வந்து படப்புக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு வாளித் தண்ணீர். உலை கொதிக்கும்வரை நகரவில்லை. தகடுகள் அதிர்ந்தன, நெருப்பு பானைக்கு அடியிலேயே இருந்தது.

"மேலுக்கு ஒண்ணும் போடலியாத்தா? வெயிலு மண்டையப் பொளக்குமே."

"பழகிக்கிறேன் அக்கா."

"என்னமோ பண்ணு," என்று சொல்லிவிட்டு அந்த வாளியை மாட்டுக்கு வைத்தார். நாங்கள் அந்த வீட்டில் இருக்கலாம் என்பதை அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

இன்றும் லெட்சுமி அங்கேதான் சமைக்கிறாள். தகரச் சுவருக்கு முதுகு காட்டி, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, இந்த ஊர்ப் பெண்களைப்போலவே நிற்கிறாள். குழம்பைத் திறக்கும்போது மட்டும் மூடியைக் கீழே வைப்பதில்லை. ரங்கூன் சார்ப்பில் ஒழுகும் தண்ணீர் உள்ளே விழாமலிருக்க, ஒரு கையால் மூடியைப் பானைக்கு மேலே சாய்த்துப் பிடித்து மறு கையால் கிண்டுவாள். மேகமே இல்லாத வானத்தின் கீழே இப்போதும் அப்படியே பிடித்திருக்கிறாள்.