நான் எழுதிய ஏகாம்பரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. கும்மிடிப்பூண்டியில் பேய் பிழைக்க வழியும் இல்லை. மூன்று ஷிஃப்டும் கம்பெனி ஓடுகிற ஊர், எந்த நேரத்துக்கு வெளியே வந்தாலும் ரோட்டில் நாலு பேர் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள், அது யாரைப் பிடித்துப் பயமுறுத்தும்? நான் பதினாறு வருடமாகக் கால்பந்துச் செய்தி எழுதுகிறவள். அதற்கு முன்னால் மாவட்டப் பெண்கள் அணிக்கு லெஃப்ட் பேக் ஆடியவள். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த கேள்வி. இப்போது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு வார்த்தையையும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நாட்கள். ஆட்டம் நடப்பது அமெரிக்கப் பக்கம் என்பதால் நமக்கு நடுராத்திரியில் தொடங்கிக் காலை எட்டு ஒன்பது மணிவரை ஓடும். எங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் 'இன்றைய ரசிகர்' என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, தினமும் ஒரு உள்ளூர் ரசிகரைப் பிடித்து எழுதச் சொல்லியிருந்தார் செய்தி ஆசிரியர். பெயர், வயது, வேலை, ஊர், அவர் சொன்ன ஒரு வாக்கியம், அவ்வளவுதான். போட்டோவுக்கு இடம் கிடையாது. நானும் காலை ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகச் சுற்றினேன். கம்பெனி பஸ் வருகிறவரை ஆட்கள் டிவி முன்னால் நிற்பார்கள், ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்து பேசினால் வேலை முடிந்தது.

ஒரு நாள் எனக்குப் பல்வலி. கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது, வாயைத் திறக்க முடியவில்லை. வெளியே போகாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு ரசிகரை நானே உண்டாக்கினேன். ஆமாம், பொய்தான் எழுதினேன். எங்கள் தொழிலில் யாரும் செய்யாததையா செய்துவிட்டேன்? விலைவாசி ஏறும்போது 'இல்லத்தரசி ஒருவர் கூறினார்' என்று செய்தி வருமே, அந்த இல்லத்தரசிகளில் பாதிப் பேர் பிறந்ததே நிருபர்களின் செல்போனில்தான்.

நான் எழுதியது இது. ஏகாம்பரம், வயது நாற்பத்தாறு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர், புதுவாயல். குடும்பம் இல்லாத தனி ஆள். ஒரு காலத்தில் கோல்கீப்பர், இடது கைச் சுண்டுவிரலில் பாதி கிடையாது. புதுவாயல் சந்திப்பில் பாய் டீக்கடையில்தான் எல்லா ஆட்டமும் பார்ப்பார். பெனால்டி என்றால் மட்டும் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிடுவார். "பந்த எதுக்குப் பாக்கணும், பாக்கறவன் மூஞ்சியே சொல்லிடும்" என்றார். பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டுக் கிராம்பைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஒரு போன். ஆரணியிலிருந்து (பட்டு ஆரணி இல்லை, புதுவாயலை அடுத்த ஆரணி) பேசுவதாகச் சொன்னார், வசந்தா, அரிசி மில்லில் வேலை. என் நம்பரைப் பத்திரிகை ஆபீசில் வாங்கியிருக்கிறார்.

"பேப்பர்ல போட்டது நீங்களா மேடம்? எங்க ஊட்டுக்காரர எங்க பாத்தீங்க?"

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பல்வலி மறந்துபோனது. கணவர் பெயர் ஏகாம்பரம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். சுண்டுவிரல் கம்பெனி ஷட்டரில் மாட்டிப் பாதி போய்விட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் காலை ஷிஃப்டுக்கு என்று கிளம்பியவர் கம்பெனிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தது அப்படியே கிடக்கிறது.

"பெனால்டினா திரும்பிக்குவாரு மேடம். ஊட்ல நாந்தான் அவருக்கு எதிர்ல நிப்பேன். என் மூஞ்சியப் பாத்துதான் கோல் வுழுந்துச்சா இல்லையான்னு சொல்லுவாரு" என்றார்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்ய? "அக்கா, நான் அவர பாக்கவே இல்ல. பல்லு வலி, நேத்து வெளியவே போவல. ஊட்ல உக்காந்து நானா எழுதினேன்."

"வெரலுமா?"

"வெரலும்தான்கா."

பிறகு கேட்டார், "அவரு சொல்ல வேணாம்னு சொன்னாரா?"

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒடிசலான பெண், புடவை முந்தானையில் இன்னும் தவிடு ஒட்டியிருந்தது. அந்தக் கட்டத்தைக் கத்தரித்து, ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க கொழுந்தனாரு ஆடி அமாவாசைக்கு நாள் குறிச்சிட்டாரு. தர்ப்பையில ஆளு மாதிரி செஞ்சி, அத்த கொளுத்திட்டு, எனக்குத் தாலி கழட்டிடுவாங்களாம். மூணு வருசம் வரலன்னா செத்த மாதிரிதானாம். உயிரோட கீற மனுசனுக்கு எப்டிமா காரியம் பண்ண வுடுவேன்? நீ வந்து கொழுந்தனார்கிட்ட சொல்லு, பாத்தேன்னு சொல்லு, போதும்."

"பாக்கலியேக்கா. அது பொய்யி."

"நீ பொய் எழுதினன்னு சொல்ற பாரு, அதான் பொய்யி" என்று என்னை முறைத்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "எல்லாம் சரியா எழுதிட்டு, தனி ஆளுன்னு ஏன் எழுதின? அவரே சொன்னாரா, பொண்டாட்டி இல்லன்னு?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பதினாறு வருடத்தில் நான் உண்மை எழுதியபோது நம்பாதவர்கள் உண்டு. பொய் சொன்னேன் என்று நானே ஒப்புக்கொண்டும் நம்பாத ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். சரி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை ஆட்டத்துக்குப் பாய் கடைக்கே போவோம், அவர் வாயால் கேளுங்கள் என்றேன். பாய் என்னைப் பல வருடமாக அறிந்தவர். அப்படி ஒரு ஆள் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டால் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சம். சென்னை-கொல்கத்தா ரோட்டில் வரிசையாக லாரி, கடையில் முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எந்த நாடும் எந்த நாடும் ஆடின என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அது தேவையில்லை. நான் பாயிடம் கேட்டேன். பால் சட்டியைக் கிளறிக்கொண்டே அவர் சொன்ன பதில் இது.

"யாரு, ஏகாம்பரமா? ஒரு வாரமா வந்துக்கினுதான் கீறாரு. பெனால்டினா இப்டித் திரும்பி நின்னுக்குவாரே, அந்தாளுதான?"

"பாய், பேப்பரப் படிச்சிட்டுச் சொல்றியா?"

"பேப்பர்ல நான் பஜ்ஜிதாம்மா மடிப்பேன். எனக்கெங்க படிக்கத் தெரியும்?"

வசந்தா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பாய், கடைக்காரர் புத்தியில், ஆள் சேர்க்கப் பொய் சொல்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு வாரமாக என்றாரே, நான் எழுதி அன்றைக்குச் சரியாக ஒரு வாரம் என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

இரண்டாவது பாதியில் பெனால்டி கொடுத்தார்கள். கடை மொத்தமும் டிவியை நோக்கி நகர்ந்தது. நானும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துதான் அங்கே நின்றேன், ஆனால் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டால் எனக்குக் கண்ணை எடுக்க வராது, சின்ன வயதிலிருந்து பழகிய கண். அடித்தவன் ஓடிவந்தான், அடித்தான், கோல். கடை அதிர்ந்தது. அப்புறம்தான் திரும்பினேன். வசந்தா டிவிக்கு முதுகைக் காட்டி, டீக்கடைச் சுவரோரம் ஒரு காலி இடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். முப்பது பேரில் திரும்பி நின்றது அவர் ஒருவர்தான்.

"பாத்துட்டேன்" என்றார். வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அழவில்லை. "டிவிக்கு முதுகக் காட்டிக்கினு நேர் எதிர்ல நின்னாரு. என் மூஞ்சியத்தான் பாத்தாரு. கோல்னு தெரிஞ்சதும் தலைய ஆட்டிக்கினு, பஸ் ஸ்டாண்டுல யாரோ பொம்பளையப் பாக்கற மாதிரி பாத்துட்டு என்னைத் தாண்டிப் போய்க்கினே இருந்தாரு. பதினெட்டு வருசத்துல நான் அவர பேர் சொல்லிக் கூப்ட்டதில்லமா. இன்னிக்குத் திரும்பி நின்னு கூப்ட்டேன். ஏகாம்பரம்னு கூப்ட்டேன். திரும்பல. என்னை அவருக்குத் தெரியல."

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஏக்கத்தில் கண்ட காட்சி என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் தனி ஆள் என்று எழுதியவள் நான். அந்த இரண்டு சொல்லை எதற்காக எழுதினேன் என்று எனக்கே தெரியாது, எழுத வசதியாக இருந்தது, எழுதினேன். அதற்கு அந்தப் பெண் எதற்காக வதைபட வேண்டும்? அன்று மதியம் பிடிவாதமாக உட்கார்ந்து இரண்டாவது முறையும் பொய் எழுதினேன். ஏகாம்பரத்துக்கு ஆரணியில் வசந்தா என்று மனைவி இருக்கிறார், மூன்று வருடமாக வேறு ஊரில் இருந்தவர் இப்போது ஆட்டம் முடிந்ததும் ஆரணி ரோட்டில் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார், வீடு வந்து சேர்ந்தார் என்று. ஒரே ஆளை மறுபடியும் போடுவதா என்று செய்தி ஆசிரியர் கேட்டார், வாசகர்கள் கேட்கிறார்கள் சார் என்றேன்.

இங்கேதான் நான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இடம் போதவில்லை என்றால் கீழேயிருந்து வெட்டுவார்கள். முக்கியமானதை மேலே எழுது, கடைசியில் வைத்தது போகும் என்பது இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்வது. கதை எழுதுகிற ஆசையில் நான் முக்கியமானதைக் கடைசியில் வைத்தேன். அன்று டைல்ஸ் கடை விளம்பரம் ஒன்று வந்தது, கடைசி மூன்று சொல்லை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார் என்பதோடு கட்டம் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் வசந்தா போன் செய்தார். பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்தாராம். புதுவாயலிலிருந்து ஆரணி போகிற ரோட்டில், இரண்டாவது சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம், ஆரணியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாராம். அடுத்த வாரம் மினி பஸ் கண்டக்டர், அதே இடம். அப்புறம் களை எடுக்கப் போன இரண்டு பெண்கள், அதே இடம். வசந்தா ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்ப் பார்க்கிறார், யாரும் இல்லை. "நடந்துக்கினே கீறாராம்மா. ஏன் வந்து சேர மாட்டேன்றாரு?" என்று என்னிடம் கேட்கிறார்.

செய்தி ஆசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வேலை போனாலும் பரவாயில்லை, ஒரு திருத்தம் போடுங்கள் என்றேன். "உலகக் கோப்பையே முடிஞ்சிடுச்சு ஜெசிந்தா, அந்தக் கட்டமே இப்ப இல்ல. இல்லாத ஆளுக்குத் திருத்தம் போட்டா படிக்கிறவன் சிரிக்க மாட்டானா?" என்றார். இருக்கிற ஆள் சார் என்றேன். லீவு எடுத்துக்கொள் என்றார். நான் எடுக்கவில்லை. வீடு வந்து சேர்ந்தார் என்ற அந்த ஒரு வரியைத் தினமும் பக்கம் போடுகிற டெஸ்க்குக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும் அழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆடி அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கொழுந்தனார் தர்ப்பைக்குச் சொல்லிவிட்டாராம். நேற்று ஆரணி ரோட்டில் நானே ஸ்கூட்டரில் போனேன். இரண்டாவது சிறுபாலத்தைத் தாண்டியதும் ரோட்டோரத்தில் புல் முளைக்காமல், கட்டில் நீளத்துக்கு ஒரு ஒற்றையடித் தடம் தேய்ந்திருந்தது. அதற்கு முன்னாலும் தடம் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரே இடத்தில் யாரோ நாள் கணக்காக நடந்தது போல. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வசந்தாவிடம்கூட.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், எனக்கு அதுவல்ல கவலை. அச்சடிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், இடம் போதாவிட்டால் மேலே என் பல்வலியை வெட்டுங்கள், என் பெயரையே வெட்டுங்கள், அடியில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆடி அமாவாசைக்கு முன்னால் ஏகாம்பரம் ஆரணியில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்த வசந்தாவை அவருக்கு அடையாளம் தெரிந்தது.