நாலரை நாடுகளும் நானூறு பன்னும்

"உலகத்துல சிப்பு செய்யத் தெரிஞ்ச நாடு மொத்தம் நாலரை. உள்ளூர்க் கை பட்ட சிப்பை என் சால்டரிங் கம்பி தொடாது."

மின்சாதனப் பழுதுக்கடை ஒன்றிலிருந்து உலகுக்கு இப்பிரகடனத்தை விடுத்த மெக்கானிக்கை ஊர் 'ஜப்பான்' என்று அழைத்தது. தைவான், கொரியா, ஜப்பான், அமெரிக்கா என்று நாலையும் விரல்விட்டுச் சொல்வார். அந்த அரை எது என்று கேட்டால் மட்டும், "சொன்னா சண்டை வந்துடும்" என்று உலக அமைதியைக் காப்பாற்றிவிடுவார். பிரகடனத்தின் பின்பாதி பலகையாகவும் கடை வாசல் ஆணியில் தொங்கியது.

மனத்தாங்கல் அவருடைய அக்கா மகளுக்குத்தான். ஊருக்கு வெளியே ஒரு சிப் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தைவானிலிருந்து வட்டத் தட்டாக வரும் சிலிக்கானைத் துண்டு போட்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியால் உலோகக் கால்களோடு இணைத்து, கறுப்பு உறையில் மூடிச் சோதித்து அனுப்புவார்கள்.

"அதுக்குப் பேரு சிப்பு செய்யறதா? பொட்டலம் கட்டறது."

"கட்டாம குடுத்தா உங்க தைவான் துணுக்கை மூச்சுலயே ஊதித் தள்ளிடுவீங்க மாமா."

ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் பேக்கரி ஓவன் கண்ணை மூடிக்கொண்டது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கான நானூறு பன்னின் மாவு ஏற்கெனவே தட்டுகளில் பொங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குள் ஓவன் சூடேறத் தொடங்காவிட்டால் மாவு அமுங்கிவிடும். புதிதாகப் பிடித்த வாடிக்கையும் அதோடு போகும்.

ஜப்பான் வந்து ஓவனின் சர்க்யூட் போர்டைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, சூட்டைக் கவனிக்கும் சிப் காலமாகிவிட்டது என்று அறிவித்தார். அக்கா மகள் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒன்று வாங்கி வந்து நீட்டினாள். அதன்மேல் அவள் தொழிற்சாலையின் முத்திரை.

"அதை ஓரமா வை" என்றவர், ஏழு வருடமாகப் பஞ்சுக்குள் பொத்திவைத்திருந்த தம் சிப்பை டப்பாவிலிருந்து எடுத்தார். முதுகில் 'ஜப்பான்' என்று வெள்ளெழுத்து. "பாத்தாலே தெரியுதில்ல, பொறந்த இடம்?"

பொருத்தினார். சுவிட்சைப் போட்டார். ஓவன் அசைந்து கொடுக்கவில்லை.

"உன் ஜப்பான் மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கலயா?" என்றாள் அக்கா.

"சிப்போட கால்ல அழுக்கு இருக்கும்க்கா."

"தம்பி, மாவுக்கு நாடெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பொங்குது."

பஞ்சைத் தின்னரில் நனைத்துக் கால்களைத் துடைத்தார். பஞ்சு முதுகிலும் பட்டது. பஞ்சில் கறுப்பும் வெள்ளையும் ஏறின. சிப்பில் ஜப்பானைக் காணோம். பூச்சு கரைந்த இடத்தில், தேய்த்து அழித்த வேறேதோ எழுத்தின் தடம். யாரோ ஒரு புண்ணியவான் கிழட்டுச் சிப் ஒன்றுக்குப் புதுக் குடியுரிமை வழங்கியிருந்தான்.

அக்கா மகளுக்கு ஓவனின் பின்பக்கத்தைப் போய்ப் பார்த்தே ஆகவேண்டிய அவசியம் ஏற்பட்டது. அங்கிருந்து அவள் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

மணி எட்டு முப்பத்தைந்து. ஓரமாக வைத்ததை மெக்கானிக் தம் பக்கம் இழுத்தார். பழையதைக் கழற்றி இதைப் பொருத்தப் பத்து நிமிடச் சால்டரிங் புகை. பிறகு சுவிட்ச். சிவப்பு விளக்கு எரிந்தது. முள் மெல்ல ஏறியது. அக்கா முதல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை கடை வாசலில் ஆணி மட்டும் இருந்தது. அதில் அவர் குடையை மாட்டியிருந்தார்.